மெஷின் பத்தவில்லையா, ப்ளான் சரியில்லையா? ஷெட்யூல் கோளாறுகள் அறிகுறி வாரியாக

கோவையில் ஜாப் ஒர்க் (மற்ற கம்பெனிகளுக்குப் பாகங்கள் வெட்டித் தரும் வேலை) எடுத்துச் செய்யும் சின்ன யூனிட்டுகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். இரண்டு மூன்று சி.என்.சி. லேத் (கம்ப்யூட்டர் ப்ரோக்ராமில் ஓடும் கடைசல் மெஷின்), ஒன்றோ இரண்டோ வி.எம்.சி. (அதே மாதிரி ஓடும் செங்குத்து மில்லிங் மெஷின்), சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் அழித்து அழித்து எழுதிய ஷெட்யூல். நானும் அப்படி ஒரு பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ப்ளானிங் பார்த்தவன்தான். டெலிவரி தள்ளிப்போனால் முதலில் காதில் விழுவது, "மெஷின் பத்தலைங்க." நான் நோண்டிப் பார்த்தபோதெல்லாம் மெஷின் போதுமானதாகத்தான் இருந்தது. எந்த வேலையை எதில், எந்த வரிசையில் ஏற்றினோம் என்பதில்தான் கோளாறு.

ஒரே வேலை ஒன்றுக்கு மேற்பட்ட மெஷினில் ஓடும் என்பது பெரிய வசதி. ஒரு லேத் நின்றால் பக்கத்து லேத்துக்கு மாற்றலாம், அவசரம் என்றால் லாட்டை (ஒரு வேலையின் மொத்த பீஸ்களை) இரண்டாகப் பிரிக்கலாம். ஆனால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்கிற வேலைதான் தப்பான இடத்துக்கும் போகும்.

முதலில் ஒரு கணக்கு

எந்த அறிகுறியாக இருந்தாலும், இந்த மூன்று எண்களைத் தாளில் எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

மொத்த வேலை நேரத்தை மெஷின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது முதல் எண். பிரிக்காமல் ஓட்டும் வேலைகளில் இருப்பதிலேயே நீளமான ஒற்றை வேலையின் நேரம் இரண்டாவது. அந்த வேலை வேறொன்று முடிந்த பிறகுதான் தொடங்கும் என்றால் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட மெஷினில் மட்டுமே ஓடக்கூடிய வேலைகளின் கூட்டு நேரம் மூன்றாவது. இந்த மூன்றில் எது பெரியதோ, அதற்குக் கீழே யாராலும் முடிக்க முடியாது. எந்த சாஃப்ட்வேராலும் முடியாது.

பலகையில் இருக்கும் ப்ளான் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், ப்ளானை மாற்றிப் பயனில்லை, ஓவர்டைமோ வெளி வேலையோ பாருங்கள். நிறைய இடைவெளி இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

அறிகுறி: எல்லா மெஷினும் சாயங்காலமே நின்றுவிட்டது, ஒன்று மட்டும் ராத்திரி வரை ஓடுகிறது

வேலைகளை வந்த வரிசையில் ஏற்றியிருப்பீர்கள். மூன்று லேத். ஒரு மணி நேர வேலை ஆறு, மூன்று மணி நேர வேலை ஒன்று. சின்னதை முதலில் முடித்துவிடலாம் என்று ஆறையும் போட்டால், இரண்டு மணி நேரத்தில் மூன்று லேத்தும் காலி. அப்புறம் பெரியது ஏதோ ஒரு லேத்தில் ஏறி, ஐந்தாவது மணியில் இறங்கும். மற்ற இரண்டும் மூன்று மணி நேரம் சும்மா நிற்கும். பெரியதை முதலில் ஒரு லேத்தில் ஏற்றிவிட்டு, ஆறு சின்ன வேலைகளை மற்ற இரண்டில் மும்மூன்றாகப் போட்டிருந்தால் மூன்று மணியில் எல்லாம் முடிந்திருக்கும்.

கணித அறிஞர் ரொனால்ட் கிரகாம் 1966இல் இதற்குக் கணக்குப் போட்டார். ஒரே மாதிரி மெஷின்களில், கையில் வந்த வரிசைப்படி காலியான மெஷினில் ஏற்றிக்கொண்டே போனால், எவ்வளவு மோசமாகப் போனாலும் சிறந்த ப்ளானைப் போல இரண்டு மடங்கை எட்டாது. மூன்று மெஷினுக்கு உச்சவரம்பு, சிறந்தது மூன்று மணி என்றால் ஐந்து மணி. மேலே உள்ள உதாரணம் அந்த வரம்பையே தொடுகிறது.

தீர்வு, நீளமானதை முதலில் ஏற்றுவது. 1969இல் அவரே காட்டியபடி, இப்படிச் செய்தால் சிறந்ததைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாகாது. பலகையில் ப்ளான் போடுபவருக்கு இது தாராளமாகப் போதும்.

ஆனால் இதுவும் எப்போதும் சரியாக விழாது. இரண்டு லேத், 3, 3, 2, 2, 2 மணி நேர வேலைகள். பெரியது முதலில் என்றால் இரு மூன்றும் ஆளுக்கொரு லேத்தில் ஏறும், பிறகு ஒவ்வொரு இரண்டு, கடைசி இரண்டு ஏதோ ஒன்றின் தலையில். முடிவது ஏழாவது மணியில். இரு மூன்றையும் ஒரே லேத்தில் வைத்து, மூன்று இரண்டையும் மற்றதில் வைத்தால் ஆறு. அதனால் ப்ளான் போட்ட பிறகு கடைசியாக முடியும் மெஷினை மட்டும் பார்த்து, அதிலிருக்கும் ஒரு வேலையை இன்னொன்றின் வேலையோடு மாற்றிப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை, பலன் உண்டு.

மாற்றியும் சமமாகவில்லை என்றால் லாட்டைப் பிரிக்கலாம். தலா நான்கு மணி நேரத்தில் மூன்று வேலை, இரண்டு லேத். பிரிக்காமல் எட்டு மணி நேரம். நடு வேலையைப் பாதி பாதியாகப் பிரித்தால் ஆறு. வேலையை நடுவில் நிறுத்தி வேறு மெஷினுக்கு மாற்றலாம் என்றால், மொத்தத்தை மெஷினால் வகுத்த எண், நீளமான வேலை, இரண்டில் பெரியதைச் சரியாகத் தொட்டுவிடலாம் என்று மெக்நாட்டன் 1959இலேயே நிரூபித்திருக்கிறார். ஆனால் அவர் கணக்கில் செட்டிங் நேரம் (மெஷினைப் புது வேலைக்குத் தயார் செய்யும் நேரம்) கிடையாது. உங்கள் கடையில் உண்டு. பிரித்தால் இரண்டு இடத்தில் செட்டிங். அரை மணி நேர செட்டிங் என்றால் யோசிக்காமல் பிரியுங்கள். இரண்டு மணி நேரம் என்றால் மொத்த வேலை பதினாலு ஆகி, லேத்துக்கு ஏழு. மிச்சம் ஒரு மணி நேரம். அதற்காக, செட்டிங் செய்யும் ஆளான செட்டரின் இரண்டு மணி நேரத்தைக் கொடுப்பது நஷ்டம்.

அறிகுறி: பெரிய லேத் முன்னால் குவியல், பக்கத்து லேத் ஈ ஓட்டுகிறது

ஒரு லேத் பெரிய விட்டமும் எடுக்கும், சின்னதும் எடுக்கும். மற்றொன்றில் சின்னது மட்டும். சின்ன வேலை நான்கு, தலா இரண்டு மணி. பெரிய வேலை இரண்டு, தலா நான்கு மணி. காலையில் இரண்டு லேத்தும் காலியாக இருக்கிறது என்று நான்கு சின்ன வேலைகளையும் இரண்டிரண்டாக ஏற்றிவிட்டீர்கள். நான்காவது மணியில் சின்ன லேத் காலி, அதற்குப் போட வேலையே இல்லை. பெரிய லேத் அதன் பிறகு எட்டு மணி நேரம் ஓடி, பன்னிரண்டில் முடிக்கும். பெரிய லேத்தில் பெரியதை மட்டும் வைத்திருந்தால் இரண்டும் எட்டில் முடிந்திருக்கும்.

விதி சுலபம்: போக்கிடம் குறைவான வேலைக்கு முதல் இடம். எங்கேயும் போகக்கூடிய வேலை கடைசியில் ஓட்டையை அடைக்கட்டும். "பெரிய லேத்தில் சீக்கிரம் முடியும்" என்பதற்காகச் சின்ன வேலையை அதில் ஏற்றும் ஆசைதான் இந்த நோய்க்கு மூலம்.

இதே அறிகுறி வேறொரு காரணத்தாலும் வரும். எந்த வேலை எந்த மெஷினில் ஓடும் என்ற பட்டியல் பழையதாக இருக்கும். எங்களிடம் ஒரு ஃப்ளேன்ஜ் ஒரே வி.எம்.சி.யில்தான் போகும் என்று பல மாதம் நம்பிக்கொண்டிருந்தோம். செட்டரிடம் கேட்டேன், "அண்ணா, இது ஏன் அடுத்ததில போகாதுங்க?" "போகும் தம்பி. அப்ப ஃபிக்ஸ்சர் போல்ட்டுக்கு ஸ்லாட் சேரல. அதைத்தான் எப்பவோ மாத்தியாச்சே." ஃபிக்ஸ்சர் என்றால் பீஸை மெஷினில் பிடித்து வைக்கும் அமைப்பு. ப்ரோக்ராமில் சின்ன மாற்றம், அவ்வளவுதான். பட்டியலில் 'முடியாது' என்று இருக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். காரணம் சொல்ல ஆள் இல்லாத 'முடியாது'கள் நிறைய கிடைக்கும்.

அறிகுறி: தாளில் ஆறு மணிக்கு முடிகிறது, தரையில் ஒன்பது மணிக்கும் முடியவில்லை

இதுதான் அடிக்கடி வரும் அறிகுறி. இதற்குக் காரணம் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கும்.

ஒன்று, சைக்கிள் டைம், அதாவது ஒரு பீஸை வெட்ட மெஷின் எடுக்கும் நேரம். மெஷின் திரையில் தெரியும் 4 நிமிடம் 20 வினாடியை 100 பீஸால் பெருக்கினால் 7 மணி 13 நிமிடம். ஷிப்டுக்குள் அடங்கும் போலத் தோன்றும். பீஸைக் கழற்றி, காற்றடித்து, அடுத்ததை மாட்ட 40 வினாடி. மொத்தம் பீஸுக்கு 5 நிமிடம், 100க்கு 8 மணி 20 நிமிடம். டீ, சாப்பாடு, இன்சர்ட் (வெட்டும் முனை) மாற்றுவது, ஆஃப்செட் (டூலின் அளவுக் கணக்கு) திருத்துவது எதையும் இன்னும் சேர்க்கவில்லை. திரையை நம்பாதீர்கள். ஒரு மணி நேரம் நின்று ட்ரேயில் விழுந்த பீஸை எண்ணுங்கள்.

இரண்டாவது, செட்டர். தாளில் மெஷின்களுக்குக் கட்டம் இருக்கும், செட்டருக்கு இருக்காது. காலை எட்டு மணிக்கு மூன்று லேத்திலும் புது வேலை, தலா 45 நிமிட செட்டிங். தாளில் மூன்றும் 8:45க்கு ஓடத் தொடங்கும். செட்டர் ஒருவர்தான் என்றால் முதலாவது 8:45, இரண்டாவது 9:30, மூன்றாவது 10:15. எட்டு மணி நேர ஷிப்டில் இரண்டேகால் மணி நேர ஓட்டம் காலையிலேயே போயிற்று. யாரும் சோம்பேறித்தனம் செய்யவில்லை. நான் வந்த புதிதில் இதைப் புரிந்துகொள்ளாமல் ஆபரேட்டர்களிடம் கத்தியிருக்கிறேன்.

செட்டரையும் ஒரு மெஷினாக நினைத்துப் பலகையில் அவருக்கு ஒரு வரிசை போடுங்கள். ஒரே நேரத்தில் அவர் இரண்டு கட்டத்தில் இருக்கக் கூடாது. ஷிப்ட் தொடக்கத்தில் ஒரு லேத்தாவது நேற்றைய வேலையின் மிச்சத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். ஒரே ஒரு பிளக் கேஜ் (துளையின் அளவு பார்க்கும் கருவி), ஒரே ஒரு ஃபிக்ஸ்சர் என்று இருப்பவற்றுக்கும் இதே சிகிச்சை. ஒரு ஃபிக்ஸ்சரைத் தேடி இரண்டு மெஷின் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது, வரிசை. ஷாஃப்ட், ஃப்ளேன்ஜ், ஷாஃப்ட், ஃப்ளேன்ஜ் என்று மாறி மாறிப் போட்டால் நடுவில் மூன்று முறை ஜா (பீஸைப் பிடிக்கும் தாடை) மாற்ற வேண்டும், சாஃப்ட் ஜா என்றால் அதைப் பீஸ் அளவுக்குக் கடையவும் வேண்டும். இரண்டு ஷாஃப்டையும் சேர்த்துப் போட்டால் ஒரே முறை. எந்த வேலையிலிருந்து எந்த வேலைக்கு மாற எவ்வளவு நேரம் என்று கட்டம் போட்ட அட்டவணை ஒன்று வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக 'செட்டிங் 45' என்று போட்டுவைத்தால் இந்த லாபம் கண்ணில் படவே படாது.

செட்டிங்கையே குறைக்கலாமே என்றால், தாராளமாக. ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ செய்தது அதுதான். 1969இல் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றின் செட்டிங் நான்கு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அதை முதலில் தொண்ணூறு நிமிடத்துக்கும், பிறகு மூன்று நிமிடத்துக்கும் கொண்டுவந்தார். அடிப்படை யோசனை ஒன்றுதான். மெஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்கிற வேலை எது, ஓடும்போதே செய்துவைக்கக்கூடிய வேலை எது என்று பிரிப்பது. டூலை ஹோல்டரில் மாட்டி நீளம் அளந்து வைப்பது, ட்ராயிங்கும் கேஜும் எடுத்துவைப்பது எல்லாம் முந்தின வேலை ஓடும்போதே முடியக்கூடியவை. நாம் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் ஆலன் கீயைத் தேடுகிறோம்.

அறிகுறி: புது மெஷின் வந்த பிறகு டெலிவரி இன்னும் தள்ளுகிறது

கடன் வாங்கி மெஷின் இறக்கியவருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும். ஆனால் இது நடக்கும், கணக்கே இருக்கிறது. இதுவும் கிரகாம் காட்டியதுதான்.

ஒன்பது வேலைகள். முதலாவது 3 மணி நேரம். 2, 3, 4 மூன்றும் தலா 2. ஐந்து முதல் எட்டு வரை தலா 4. ஒன்பதாவது 9. நான்காவது முடிந்தால்தான் ஐந்து முதல் எட்டு வரை உள்ளவை தொடங்கலாம், முதலாவது முடிந்தால்தான் ஒன்பதாவது. எந்த மெஷின் காலியானாலும், பட்டியலில் மேலே இருப்பதில் தொடங்கத் தயாரானதை ஏற்ற வேண்டும், அதுதான் விதி.

மூன்று மெஷின்: 1, 2, 3 ஏறுகின்றன. இரண்டாவது மணியில் 4 ஏறுகிறது. ஒரு மெஷினுக்கு அப்போது தயாரான வேலை இல்லை, நிற்கிறது. மூன்றாவது மணியில் முதல் வேலை முடிய, அந்த மெஷினில் 9 ஏறி பன்னிரண்டில் முடியும். நான்காவது மணியில் 5, 6, எட்டாவது மணியில் 7, 8. எல்லாம் சரியாக பன்னிரண்டில் முடிகிறது.

நான்கு மெஷின்: 1, 2, 3, 4 சேர்ந்தே ஏறுகின்றன. இரண்டாவது மணியில் 5, 6, 7 ஏறிவிடுகின்றன. மூன்றாவது மணியில் முதல் மெஷின் காலியாகும்போது, பட்டியலில் 9க்கு மேலே 8 இருக்கிறதே, அது ஏறிவிடுகிறது. ஒன்பது மணி நேர வேலைக்கு இடம் கிடைப்பது ஆறாவது மணியில். முடிவது பதினைந்தில். மெஷின் கூடியது, மூன்று மணி நேரம் தள்ளியது. மெஷினைக் கூட்டாமல் எல்லா வேலையையும் ஆளுக்கு ஒரு மணி நேரம் குறைத்தாலும் இதே பட்டியலில் பன்னிரண்டு பதின்மூன்றாகிறது. போட்டுப் பாருங்கள், நான் முதலில் நம்பாமல் மூன்று முறை போட்டேன்.

மருந்து, பட்டியலின் வரிசையை மாற்றுவது. தன் நேரத்தையும் தனக்காகக் காத்திருக்கும் வேலைகளின் நேரத்தையும் சேர்த்தால் எந்த வேலையின் சங்கிலி நீளமோ அது மேலே வர வேண்டும். ஒன்பதாவதை எட்டாவதற்கு மேலே கொண்டுவந்தால் நான்கு மெஷினிலும் பன்னிரண்டு வருகிறது. அதற்குக் கீழே வராது, ஏனென்றால் முதலாவதும் ஒன்பதாவதும் சேர்ந்தே பன்னிரண்டு. தொடக்கத்தில் எழுதச் சொன்ன இரண்டாவது எண்ணை மெஷின் வாங்கும் முன்பே பார்த்திருந்தால், அந்த நான்காவது மெஷினால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது என்று தெரிந்திருக்கும்.

அறிகுறி: எல்லா மெஷினும் ஓடுகிறது, எல்லா பார்ட்டியும் போனில் திட்டுகிறார்கள்

தரையில் வேலை அதிகமாகக் கிடக்கிறது. எண்ணிப் பாருங்கள். 60 ஆர்டர் உள்ளே, நாளைக்கு 5 முடிகிறது என்றால் ஒரு ஆர்டர் வெளியே போக சராசரியாக 12 நாள். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி, வகுத்தல் தெரிந்தால் போதும். ஏழு நாளில் தருகிறேன் என்று சொல்லியிருந்தால் உள்ளே 35க்கு மேல் இருக்கக் கூடாது. மெட்டீரியல் வந்துவிட்டது என்பதற்காக ஆர்டரைத் தரையில் இறக்காதீர்கள், வெளியே ரேக்கிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, நீளமானது முதலில் என்ற விதியை எங்கும் போட்டிருப்பீர்கள். அது கடைசி வேலை எப்போது முடியும் என்பதற்கான விதி. பார்ட்டி காத்திருக்கும் நேரத்துக்கு அது எதிரி. ஒரு மெஷினில் 6, 2, 1 என்று போட்டால் மூவரும் காத்திருப்பது 6, 8, 9 மணி. 1, 2, 6 என்று திருப்பினால் 1, 3, 9. கடைசி வேலை இரண்டிலும் ஒன்பதில்தான் முடிகிறது, சராசரி காத்திருப்பு மட்டும் 7 மணி 40 நிமிடத்திலிருந்து 4 மணி 20 நிமிடத்துக்கு இறங்குகிறது. என்ன வேண்டும் என்று முதலாளியிடம் முதலில் கேட்டுவிடுங்கள். லாரி ஒரே நடையில் எல்லாவற்றையும் ஏற்றுகிறதா, ஆளாளுக்கு வந்து வாங்குகிறார்களா என்பதில் பதில் இருக்கும்.

அறிகுறி: சாஃப்ட்வேர் தரும் ப்ளான் விசித்திரமாக இருக்கிறது

வேலை இருபதைத் தாண்டினால் கையால் மாற்றிப் பார்ப்பது தலைவலி. கூகுளின் ஓஆர்-டூல்ஸ் என்ற மென்பொருள் இலவசம், அதிலிருக்கும் சிபி-சாட் என்ற விடை தேடும் பகுதி இந்த வகைக் கணக்குக்கு நன்றாகவே உழைக்கும். மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை.

'சாத்தியமில்லை' என்று வந்தால் பெரும்பாலும் டெலிவரி தேதிதான் காரணம். தேதியை மீறவே கூடாது என்று எழுதாதீர்கள். தாமதத்துக்கு அபராதம் போட்டு, அதைக் குறைக்கச் சொல்லுங்கள். அப்போது விடையும் வரும், எந்த ஆர்டர் எவ்வளவு தள்ளும் என்பதும் தெரியும். 'தெரியவில்லை' என்ற பதில் வேறு. கொடுத்த நேரத்துக்குள் ஒரு விடையும் கிடைக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். இதைச் சாத்தியமில்லை என்று எடுத்துக்கொண்டு ஆர்டரையே திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

சிபி-சாட் முழு எண்களை மட்டுமே வாங்கும். மணி நேரத்தை 4.33 என்று கொடுக்காமல் 260 நிமிடம் என்று கொடுங்கள்.

ப்ளானில் ஒரு மெஷின் காலையில் சும்மா நின்று, மதியம் வேலையைத் தொடங்குகிறதா? பிழை அதனுடையது அல்ல. கடைசி முடிவு நேரத்தை மட்டும் குறைக்கச் சொன்னீர்கள். அந்த வேலை எப்போது முடிந்தாலும் மொத்தம் மாறாது என்பதால் எங்கேயோ வைத்துவிட்டது. எல்லா வேலைகளின் முடிவு நேரங்களின் கூட்டுத்தொகையையும் சின்ன எடையோடு இலக்கில் சேருங்கள், முன்னால் ஓடிவந்துவிடும்.

ஓடிக்கொண்டே இருக்கிறது, முடியவில்லை என்றால், ஒரே மாதிரி மெஷின்கள் காரணமாக இருக்கலாம். மூன்று லேத்தும் ஒன்றே என்றால் ஒரே ப்ளானை ஆறு விதமாகப் பெயர் மாற்றி அது தேடும். நீளமான வேலையை முதல் லேத்திலேயே கட்டிப்போட்டால் தேடல் குறையும். பிறகு, ஒரு நிமிடத்தில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு நிறுத்தப் பழகுங்கள். பத்து வேலை, பத்து மெஷின் என்று 1963இல் ஃபிஷரும் தாம்சனும் வெளியிட்ட ஒரே ஒரு கணக்குக்கு, முடியும் நேரம் 930க்குக் கீழே வராது என்று கார்லியேவும் பின்சனும் நிரூபித்தது 1989இல். நமக்கு நாளைக்கு லாரி வருகிறது.

அறிகுறி: காலையில் போட்ட ப்ளான் மதியத்துக்குள் செத்துவிடுகிறது

அர்ஜென்ட் ஆர்டர் வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடுகிறீர்கள். புதிய ப்ளான் தாளில் இருபது நிமிடம் மிச்சப்படுத்தும். செட்டர் ஏற்கெனவே மாட்டிவைத்த ஜாவைக் கழற்றுவதில் அது போய்விடும். அடுத்த நான்கு மணி நேரத்துக்கான கட்டங்களைப் பூட்டிவிடுங்கள், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அர்ஜென்ட் வேலை அதற்குப் பின்னால்தான் நுழையும், எங்கேயும் போகக்கூடிய வேலைகளைத்தான் நகர்த்தும். பெரிய லேத்துக்கு மட்டுமே உரியதைத் தொடாது.

எங்கள் பலகையில் பூட்டிய கட்டங்களைச் சிவப்பு மார்க்கரில் எழுதினோம். முதல் வாரம் முதலாளியே வந்து சிவப்பை அழித்தார். இரண்டாம் வாரம் செட்டர் அண்ணன் மார்க்கர் டஸ்டரை எடுத்துத் தன் டூல் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டார்.